பதினேழாம் திடல்

ஏப்ரல் நான்கு. காலை ஐந்து பத்து.
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
காற்று: இல்லை.
வயோமிங்கில் இப்படி எழுதக் கிடைப்பது
வருடத்தில் நாலைந்து நாள்.

டிரக்கின் விளக்கை அணைத்தாயிற்று.
கார்லா டின்ஸ்மோர் ஃபிளாஸ்க் மூடியில்
சத்தம் வராமல் காப்பி ஊற்றுகிறாள்.
தெற்கே எரிவாயுக் கம்ப்ரசர்
இராப்பகலாய் முனகிக்கொண்டிருக்கிறது.
அதனிடம் யாரும் கேட்டதில்லை,
கொஞ்சம் மெதுவாக என்று.

நாங்கள் எண்ண வந்த பறவைக்குத்
தமிழில் பெயரில்லை.
கௌதாரி என்றால் சின்னதாகிவிடும்,
வான்கோழி என்றால் கேலியாகிவிடும்.
போனில் அக்காவுக்கு விளக்கப் பார்த்து
"ஒரு மாதிரிக் கோழி" என்று முடித்தேன்.
"கோழி எண்ணவாடி அவ்வளவு படிச்சே?"

சேவல் மூன்று கிலோ இருக்கும்.
வாலில் ஊசி ஊசியாய் இறகு விரியும்.
மார்பில் இரண்டு மஞ்சள் பைகள்,
ஊதி விட்டால்
தக்கை பிடுங்கியது போல் ஒரு ஒலி.
இரண்டு மைல் தள்ளியிருக்கும் பெட்டைக்கும் அது கேட்கும்,
நடுவில் வேறு சத்தம் இல்லையென்றால்.

அந்த "இல்லையென்றால்"தான் என் சம்பளம்.
ஒலிமானி, முக்காலி, எக்செல் தாள்.
அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று
கம்பெனிக்குக் கையெழுத்திடுகிறேன்.
பொய்யில்லை. அளவுக்குள்தான் இருக்கிறது.
அளவை வகுத்த அறையில்
ஒரு பெட்டையாவது இருந்ததா என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

கார்லாவின் நோட்டில் இத்திடலுக்கு ஒரு பக்கம்:
அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு.
முதல் கிணறு தோண்டிய வருடம் அறுபது.
பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று
ஊர்க்கூட்டத்தில் ஒருவர் மேசையைத் தட்டினாராம்.
பிறகு முப்பத்தொன்று. பதினாறு. பதினாறு.
ஏழு.
போன வருடம் ஒன்று.

பழைய சேவல்கள் இடம் மாறுவதில்லை.
சாகும்வரை அதே மண்ணுக்கே வரும்.
இளசுகள்தான் வராமல் போகும்.
அதனால் முதல் சில வருடம்
அழிவு, அழிவு மாதிரியே தெரியாது.

இந்தச் சாம்பல் புதர் மரிக்கொழுந்தின் சொந்தம்.
பனிக்காலம் முழுக்க
இதன் இலைதான் அவற்றுக்குச் சோறு.
கிணற்றுக்குச் சாலை போட
புல்டோசர் இறங்கிய அன்று
பூக்கடை வாசலில் நிற்பது போல் மணத்தது.
மூக்கை நிறைத்து நிறைத்து இழுத்தேன்.
வெட்டுப்பட்ட வாசனை என்று
வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றும்போதுதான்
உறைத்தது.
மூன்று நாள் கோட்டை விட்டுப் போகவில்லை அது.

ஐந்து நாற்பத்தெட்டு.
வந்துவிட்டது.
ஒன்று. ஒற்றை.
புதுச் சரளைச் சாலையின் நட்ட நடுவில்,
முன்பு புல்லிருந்த அதே இடத்தில்,
வாலை விரித்து நெஞ்சை நிமிர்த்துகிறது.
மானியில் முள் அசையவில்லை.
கம்ப்ரசரின் குரலிலிருந்து
அதன் குரலைப் பிரித்தெடுக்க
என் கருவிக்குத் தெரியாது.

வளைவில் ஒரு தண்ணீர் லாரி.
ஓட்டுநர் பார்த்துவிட்டான் போல.
நின்றது. எஞ்சினும் நின்றது.
தொப்பியைக் கழற்றி ஸ்டியரிங்கில் வைத்தான்,
எடுத்தான், மறுபடி வைத்தான்.
நான்கு நிமிடம்.
அவனுக்கு ஏழு மணிக்குள் இரண்டு நடை பாக்கி இருக்கும்.

சேவல் ஆடியது.
இடப்பக்கம் திரும்பி ஆடியது,
கம்ப்ரசரைப் பார்த்து ஆடியது,
பிறகு ஏதோ மறந்தது போல
நடந்து புதருக்குள் போனது.
லாரி எங்களைக் கடக்கையில்
ஓட்டுநர் ஒரு விரலை உயர்த்தினான்.
ஒன்று என்கிறானா, வணக்கமா?

சேவல்: 1. பெட்டை: 0.
குறிப்பு என்ற கட்டத்தில் கார்லா
"வாகனம், ஒன்று, நின்றது" என்று எழுதி
அடிக்கோடிட்டாள்.

வீட்டில் விரல் மரத்திருந்தது.
தோசைக்கல்லை வைத்து அடுப்பைத் திருகினேன்.
தக்கை பிடுங்கியது போல் ஒரு ஒலி,
பிறகு வட்டமாய், ஊசி ஊசியாய்
நீலச் சுடர்.
மாவுக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.
கல் புகைய ஆரம்பித்தது.